பக்கம் நாற்பத்தேழு: நம்பகமான மெமரி கார்டு ஒன்று

டொக்.

எங்கள் அலுவலகத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடை தாண்டிச் சந்துக்குள் திரும்பினால் முதலில் இந்தச் சத்தம்தான் வரும். டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக். புதிதாக வருகிறவர்கள் உள்ளே யாரோ தேங்காய் உடைக்கிறார்கள் என்று நினைத்து, நல்ல சகுனம் என்று சந்தோஷப்படுவார்கள். வந்து பார்த்தால் பதிவறை எழுத்தர் சுப்பராயலு தாளுக்குத் துளை போட்டுக்கொண்டிருப்பார்.

துளை போடும் மிஷின் ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. அதை அவர் நம்புவதில்லை. கீழே ஒரு மரக்கட்டை, அதன்மேல் தாள், தாளின்மேல் குத்தூசி, குத்தூசியின் தலையில் அடிக்க அரைக்கிலோ எடைக்கல் ஒன்று. டொக். பிறகு பச்சை டேக் நூலைத் துளையில் விட்டு, பைலோடு சேர்த்து முடிந்து, மூலையில் பக்க எண் எழுதுவார். துளை போட்டுக் கோக்காத எதுவும் ரெக்கார்டு ஆகாது என்பது அவர் கொள்கை. கல்யாணப் பத்திரிகை வைத்தால்கூடக் கோத்துவிட்டுத்தான் தேதியைப் படிப்பார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கோத்த ஒரு தாள் தொலைந்தது இல்லை. தேடியபோது கிடைத்ததா என்பது வேறு விஷயம். தேடுவது அவருடைய பிரிவு இல்லை.

2011 முடிய இரண்டு நாள் இருக்கும்போது புயல் வந்தது. அதைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரர்களிடம் நான் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு புயல் சொந்தமாக வைத்திருக்கிறார்கள். புயல் போன நாலாம் நாள் எங்கள் கட்டடத்தில் 'விழுந்த மரங்கள் நிழற்படப் பதிவுப் பிரிவு (தற்காலிகம்)' என்று பலகை மாட்டப்பட்டது. கூடவே மேலிடத்திலிருந்து மூன்று உத்தரவுகள் வந்தன.

முதல் உத்தரவின்படி, மரம் விழுந்து கூரை உடைந்த வீட்டுக்குப் பத்துத் தகரமும் ஒரு மரக்கன்றும் வழங்கப்படும். இரண்டாவது உத்தரவின்படி, நிழற்படம் எடுக்கப்படும்வரை விழுந்த மரத்தை யாரும் அசைக்கக் கூடாது. மூன்றாவது உத்தரவு இப்படி இருந்தது: 'நிழற்படம் எடுக்க கேமரா போன் ஒன்று இத்துடன் அனுப்பப்படுகிறது. அதற்கு நம்பகமான மெமரி கார்டு ஒன்றை அலுவலர் தம் சொந்தப் பொறுப்பில் தெரிவு செய்துகொள்ள வேண்டியது.'

அலுவலர் என்றால் சபாபதி சார். தனி அலுவலர். ஜூன் மாதம் ஓய்வு பெற வேண்டியவர். 'சொந்தப் பொறுப்பில்' என்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

நான் அங்கே இரவுக் காவலர். பகலில் ஆள் போதவில்லை என்று, நிர்வாக நலன் கருதி என்னைப் பகலுக்கு மாற்றினார்கள். ரெஜிஸ்டரில் இரவுக் காவலர் என்றே இருக்கிறேன். இரவில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் ராத்திரியில் விழித்திருந்தவனுக்கு வீட்டில் தூக்கமும் வரவில்லை. அதையும் யாரும் கேட்கவில்லை.

அலுவலக வளாகத்திலேயே ஒரு தூங்குமூஞ்சி மரம் சைக்கிள் ஷெட்மேல் விழுந்து கிடந்தது. அதையும் அசைக்க முடியாது. படம் எடுக்க வேண்டுமென்றால் மனு வேண்டும். மனுவை வாங்குகிற அலுவலகமே மனு கொடுக்க விதி இல்லை. ஆகவே சைக்கிள்களை மரத்தின்மேல் சாய்த்து வைத்தோம்.

முதல் மனுவோடு வந்தவள் இருசம்மாள். பண்ருட்டிக்கு மேற்கே செம்மண் ஊர். வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்கிறவள்.

"சார், மரம் வாசல்ல கெடக்குது."

"அசைக்கலையே?" என்றார் சபாபதி.

"நான் எங்க சார் அசைக்க? ரெண்டு ஆளு கட்டிப் புடிக்கிற பலா."

"நல்லது. அசைக்காதீங்க."

"வூட்டுக்குள்ள போவ வழி இல்ல சார்."

"இப்ப எப்படிப் போறீங்க?"

"மரத்துமேல ஏறி, கூரை ஒடைஞ்ச எடத்துல எறங்குறேன்."

சபாபதி மனுவின் ஓரத்தில் எழுதினார்: 'மாற்று வழி உள்ளது.'

"அடுப்பு உள்ள கெடக்குது சார், திங்கிற ஆளு வெளிய நிக்கிறாங்க. இட்லியத் தலைக்குமேல தூக்கித் தூக்கிக் குடுக்குறேன். பத்துத் தகரம் வந்தா மேல போட்டுக்குவேன். மரத்த வெட்டிட்டா வாசல் வந்துடும்."

உதவியாளர் கொளஞ்சியப்பன் இரக்கப்பட்டார். அலுவலகத்தில் போன் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சார், கார்டு இல்லாமயே போன்ல ஒரு பத்துப் போட்டோ நிக்கும். இந்தம்மாவுது ஒண்ணு எடுத்துட்டு வந்துடவா?"

"எடுத்தா அது எதுல இருக்கும்?"

"போன்ல சார்."

"உத்தரவு எதுலன்னு சொல்லுது?"

"கார்டுல."

"அப்ப போன்ல இருக்குறது போட்டோவா?"

கொளஞ்சியப்பன் யோசித்தார். "போட்டோ மாதிரிதான் சார் இருக்கும்."

"மாதிரிக்குத் தகரம் குடுத்தா ஜூன்ல என் பென்ஷனும் மாதிரிதான் வரும்."

இருசம்மாள் போகும்போது கேட்டாள்: "மரத்துல நாலு பிஞ்சு இருக்குது சார். கொழம்புக்கு ஒண்ணு அறுத்துக்கட்டா?"

பிஞ்சு மரத்தின் பாகமா, விளைச்சலா என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக்கு அன்றே எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

நம்பகமான என்றால் என்ன? விதிப் புத்தகத்தில் அப்படியொரு தலைப்பே இல்லை. சபாபதி ஒரு கூட்டம் போட்டார். நாலு பேர் உட்கார்ந்தோம்.

"ஒரு ஆளு நம்பகமானவன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறோம்?"

"தகுதிகாண் பருவம்" என்றார் சுப்பராயலு. "கொஞ்ச நாள் வேலை செய்ய வுட்டுப் பாப்போம். நான்கூட ரெண்டு வருஷம் இருந்தேன்."

சபாபதியின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. கார்டுக்கு முப்பது வேலை நாள் தகுதிகாண் பருவம் என்று தீர்மானம் நிறைவேறியது. கடலூரில் வாங்கினால் உள்ளூர்க் கடைக்கும் அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு என்று ஆடிட்டில் கேட்பார்கள். ஆகவே சிதம்பரத்தில் வாங்குவது என்று இன்னொரு தீர்மானம்.

அந்த நாளில் ஆளுடைய மதிப்பை ஜிபியில் அளந்தார்கள். எத்தனை காணி நிலம் என்று கேட்ட வாயெல்லாம் உன் கார்டு எத்தனை ஜிபி என்று கேட்டது. ரெண்டு ஜிபிக்காரன் எட்டு ஜிபிக்காரன் பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டான். போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, கேட்கிறவன் கேட்காதவன் எல்லாருக்குமாகப் பாட்டுப் போட்டார்கள். சபாபதி, கொளஞ்சியப்பன், நான் மூவரும் கடலூரிலிருந்து சிதம்பரம் போன பஸ்ஸில் ஒரே நேரத்தில் ஏழு பாட்டுக் கேட்டோம். எட்டாவது டிரைவருடையது.

கீழவீதிப் பக்கம் ஒரு சின்ன செல்போன் கடையைக் கொளஞ்சியப்பன் காட்டினார். உள்ளே கால் வைக்கும் முன்பே குரல் வந்தது.

"வாங்க மாமா! அக்கா நல்லாருக்குதா?"

சபாபதி வாசலிலேயே நின்றுவிட்டார். "யாருக்கு யாரு மாமா?"

"என் வூட்டுக்காரி தம்பி சார். உத்திராபதி" என்றார் கொளஞ்சியப்பன் மெதுவாக.

வேறு கடைக்குப் போகலாம். ஆனால் பயண அனுமதியில் கொளஞ்சியப்பன் இந்தக் கடையின் பெயரை எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார். சபாபதி அங்கேயே ஒரு விதி போட்டார்.

"கடைக்குள்ள இருக்குற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் இவரு மூலமா" என்று என்னைக் காட்டினார்.

நான் நடுவில் நின்றேன்.

"ஒரிஜினல் இருக்கான்னு கேளுங்க" என்றார் கொளஞ்சியப்பன் என்னிடம்.

"ஒரிஜினல் இருக்கான்னு கேக்குறாரு."

"மூணு வித ஒரிஜினல் இருக்குதுன்னு மாமாகிட்ட சொல்லுங்க" என்றான் உத்திராபதி.

"மாமான்னு சொல்லக் கூடாது" என்றார் சபாபதி.

"மூணு இருக்குதுன்னு அவுங்ககிட்ட சொல்லுங்க. ஒண்ணு கம்பெனி ஒரிஜினல். ரெண்டு ஜிபின்னு போட்டிருந்தா ரெண்டு ஜிபிதான். ரெண்டாவது நம்ம ஒரிஜினல். மூணாவது எட்டு ஜிபி ஒரிஜினல், வெல கம்மி. ஊர்ல இதான் ஜாஸ்தி போவுது."

"கேரண்டி எவ்ளோன்னு கேளுங்க."

"மொதலுக்கு அஞ்சு வருஷம். ரெண்டாவதுக்கு ஆறு மாசம். மூணாவதுக்கு நம்ம கடை வாசப்படி வரைக்கும்."

"எட்டு ஜிபி எப்படி அவ்ளோ கம்மி வெலை?" இதை நானே கேட்டேன். யாரும் கேட்கச் சொல்லவில்லை.

உத்திராபதி குரலைத் தாழ்த்தினான். "எட்டுன்னு சொல்லும், ஒண்ணுதான் தாங்கும். அதுக்குமேல குடுத்தாலும் வேணாங்காது. எல்லாத்தையும் வாங்கிக்கும். ஆனா புதுசா ஒண்ணு சொன்னா, பழசு ஒண்ண அழிச்சிட்டு எழுதிக்கும். கேட்டா எல்லாம் இருக்குதுன்னே காட்டும்."

எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மேலதிகாரியின் ஞாபகம் வந்தது. மூவரும் கூரையில் சுற்றிய ஃபேனைப் பார்த்தோம்.

சபாபதி கம்பெனி ஒரிஜினலைத் தெரிவு செய்தார். வெறும் கார்டாகக் கொடுத்தால் ராசி இல்லை என்று உத்திராபதி அதில் ஒரு பிள்ளையார் பாட்டு ஏற்றித் தந்தான். அவர்கள் ரசீதுக்குக் காத்திருந்தபோது நான் எனக்கென்று அந்த எட்டு ஜிபியை வாங்கிப் பழைய பாட்டு நானூறு ஏற்றிக்கொண்டேன். எனக்கும் ஜிபி ஆசை உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் கதை சரியாக வராது.

கார்டு பணியில் சேர்ந்தது. ஒரு வருகைப் பதிவேடு திறந்தோம். தினமும் காலை பத்து மணிக்குக் கார்டை போனில் போட்டுப் பிள்ளையார் பாட்டை ஓட விடுவோம். எல்லாரும் எழுந்து நிற்போம். பாட்டின் முடிவில் வரும் கோயில் மணிவரை நிற்காமல் ஓடினால் 'ஆஜர்' என்று எழுதிக் கார்டுக்காகக் கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போடுவார். பொங்கலுக்கு எங்களோடு அதற்கும் விடுமுறை. குடியரசு தினம், ஞாயிறு, சனி எதுவும் கணக்கில் சேராது. ஒருநாள் பாட்டு பாதியில் நின்றது. முந்தின நாள் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாததால் போனில் சார்ஜ் இல்லை. 'அரைநாள் தற்செயல் விடுப்பு' என்று எழுதப்பட்டது. முன்னனுமதி பெறாததற்கு விளக்கம் கேட்கலாமா என்று சபாபதி யோசித்து, முதல் தடவை என்பதால் மன்னித்தார்.

இதற்கிடையில் இருசம்மாள் நாலு முறை வந்து போனாள். ஒவ்வொரு முறையும் நான்தான் அவளிடம் பேசினேன்.

"இன்னும் எத்தினி நாளுண்ணே?"

"பதினொரு வேலை நாள்ம்மா. கார்டு நல்லாத்தான் நடந்துக்குது."

"எனக்கு ஒரு கெட்ட கார்டு குடுத்தாக்கூடப் போதும்ண்ணே."

கூரை உடைந்த இடத்தில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பிறந்தநாள் பேனரைப் போட்டு மூடியிருப்பதாகச் சொன்னாள். ராத்திரி படுத்தால் அவர் கைகூப்பியபடி மேலேயிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறாராம். "மழை வந்தா அவரு சிரிக்கிற எடத்துலதான் ஒழுவுது."

மார்ச் மாதம் முதல் வாரம் கார்டு தகுதிகாண் பருவத்தை வெற்றிகரமாக முடித்தது. மிக்சர் வாங்கிச் சாப்பிட்டோம். நாலே நாளில் இருநூற்றுப் பதினான்கு மரங்களைப் படம் எடுத்தோம். கொளஞ்சியப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். மனிதர் பேய் மாதிரி வேலை செய்தார்.

இருசம்மாள் வீட்டில் பலாமரத்தின்மேல் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கிவிட்டு அவளை மரத்தின் பக்கத்தில் நிற்கச் சொன்னோம். அவள் மரத்தில் கை வைத்ததும் அழுதுவிட்டாள். "எங்க வூட்டுக்காரரு வச்சது" என்றாள். அப்படியே படம் எடுத்தோம். நாங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் கோடாலிச் சத்தம் கேட்டது. ரெண்டு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு வாசல் கிடைத்தது. இனித் தகரம்தான் பாக்கி.

கடலூர் திரும்பியதும் சபாபதி கார்டைப் போனிலிருந்து எடுத்துச் சுப்பராயலுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது இனிமே ரெக்கார்டு. இருநூத்திப் பதினாலு குடும்பம் இதுக்குள்ள இருக்குது. பத்திரம்."

கொளஞ்சியப்பன் நாலு நாள் அலைச்சலுக்கு ஈடாக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஏற்கெனவே பஸ் ஏறியிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்த நாட்டின் சரித்திரமே மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். பத்துத் தகரம் அளவுக்கு மாறியிருக்கும்.

விரல் நகம் அளவுக் கார்டைச் சுப்பராயலு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கவலைப்பட்டார்.

"யோவ், இவ்ளோ சின்னதா இருக்குதே. பைல்ல வச்சா வுழுந்துடும்."

"கவர்ல போட்டு வைங்களேன்" என்றேன்.

"கவர் கிழியும். கவர் ஒரு பக்கம் போவும், கார்டு ஒரு பக்கம் போவும். கோத்தது எங்கயும் போவாது."

கட்டையை எடுத்து வைத்தார். கார்டை வைத்தார். குத்தூசியை நிறுத்தினார். நான் தடுத்தேனா? இல்லை. நான் கேட்டது இதுதான்: "போட்டோமேல படாதா?"

"நல்லா கேட்ட. எந்தப் பக்கம் போட்டோ இருக்கும்?"

"எழுத்து இருக்குற பக்கம் இருக்கும்னு நெனைக்கிறேன். எழுத்து இல்லாத ஓரமாக் குத்துங்க."

"அதான் செய்யப் போறேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒரு எழுத்துமேலயாவது குத்தியிருக்கேனா?"

டொக்.

சுத்தமான துளை. கொஞ்சம்கூடப் பிசிறு இல்லை. பச்சை டேக்கில் கோத்து, முடிந்து, பக்கத்தில் 47 என்று எழுதினார். பைலைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். கார்டு விழவில்லை.

மார்ச் கடைசியில் படங்களை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கொளஞ்சியப்பன் பைலைத் திறந்து பக்கம் நாற்பத்தேழைப் பார்த்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

"என்னாச்சு?" என்றார் சபாபதி.

"கார்டு போச்சு சார்."

"தொலைஞ்சிடுச்சா?"

"இல்ல சார். இருக்குது."

"எரிஞ்சிடுச்சா?"

"இல்ல."

"இருக்குது, தொலையல, எரியல. அப்ப என்ன போச்சு?"

"ஞாபகம் சார்."

சுப்பராயலு கோபித்துக்கொண்டார். "ஓரமாத்தான் குத்தினேன். இவருகூட சாட்சி."

சபாபதி நெடுநேரம் கார்டின் துளை வழியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதில் எழுதினார்: 'தெரிவு செய்யப்பட்ட மெமரி கார்டு நம்பகமானது என நிரூபணமாகி, பதிவறையில் பக்கம் 47 ஆகப் பாதுகாப்பாக உள்ளது. அதிலிருந்த படங்கள் மட்டும் தற்போது இல்லை.' மேலிடம் ஒரே வரியில் பதில் அனுப்பியது: 'படங்களை மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

மறுபடி இருசம்மாள் வீட்டுக்குப் போனோம்.

"மரம் எங்கம்மா?" என்றார் சபாபதி.

"நீங்கதான சார் வெட்டலாம்னீங்க. பாதி மரவாடிக்குப் போயிட்டுது. மீதி அடுப்புல."

"ஏதாவது மிச்சம் இருக்குதா? ஆதாரமா?"

"சாம்பல் இருக்குது. அள்ளித் தரட்டா?"

வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே, கூரையை மூடிய பேனரில், பெரிய மனிதர் வெயிலில் வெளுத்துப் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார். சித்திரை வெயில். வீட்டுக்குள் தலை நீட்டிய சபாபதி சட்டென்று வெளியே வந்து கைக்குட்டையால் முகம் துடைத்தார். மனிதர் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும் பயம்.

கடலூர் திரும்பினார். அலுவலக வளாகத்தில் சைக்கிள் எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். தூங்குமூஞ்சி மரம் சைக்கிள் ஷெட்மேல் படுத்துக் கிடந்தது. மாவட்டத்திலேயே விதிப்படி அசைக்கப்படாத மரம் அது ஒன்றுதான்.

"கொளஞ்சியப்பன்" என்றார். "போட்டோல பலாவும் தூங்குமூஞ்சியும் தனித்தனியாத் தெரியுமா?"

"இந்த கேமராவுல மரமும் மாடுமே தனித்தனியாத் தெரியாது சார்."

அடுத்த வாரம் மனுதாரர்கள் எல்லாரும் கடலூருக்கு வரவழைக்கப்பட்டார்கள். வரிசை டீக்கடைவரை நின்றது. ஒவ்வொருவராக வந்து மரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும், படம் எடுத்ததும் போக வேண்டும். புதுக் கார்டு வாங்க நேரமில்லை என்று, என் போனில் இருந்த எட்டு ஜிபியைக் கழற்றிக்கொண்டார் கொளஞ்சியப்பன். "வாசப்படி கேரண்டிதான், ஆனா வேற வழியில்லண்ணே."

இருசம்மாளின் முறை வந்தது. அவள் தள்ளியே நின்றாள்.

"என்னுது பலா சார். இது தூங்குமூஞ்சி. எப்படி என்னுதுன்னு சொல்லுறது?"

"நீங்க எதுவும் சொல்ல வேணாம்மா. நின்னாப் போதும். நிக்கிறது பொய் இல்ல" என்றார் சபாபதி.

வந்து நின்றாள்.

"போன தடவ எப்படி நின்னீங்க?" என்று கேட்டார். "அதே மாதிரி இருக்கட்டும்."

"போன தடவ அழுதேன் சார்."

"அப்ப அழுங்க."

இருசம்மாள் மரத்தில் கை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முயற்சி செய்தாள். "வரல சார். இது என் மரம் இல்லியே" என்றாள். அழாமலே படம் எடுத்துக்கொண்டோம்.

மனுக்கள் இருநூற்றுப் பதினான்கு. அன்று எடுத்த படங்கள் இருநூற்று முப்பத்தொன்று. மரம் விழாதவர்களும் வந்திருந்தார்கள். மரமே இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். வரிசை ஓய்ந்து கொளஞ்சியப்பன் போனை மடக்கப் போனபோது, நானும் போய் நின்றேன். என்னுடையது வாடகை வீடு, தளம் போட்ட மெத்தை வீடு. வாசலில் துளசிச் செடிகூடக் கிடையாது. ஆனால் அத்தனை பேர் நிற்கும்போது ஒருவன் மட்டும் நிற்காமல் இருப்பது பார்க்க நன்றாக இல்லை.

மேலிடம் எங்களைப் பாராட்டியது. இதுவரை எந்த அலுவலகமும் இவ்வளவு ஒரே சீராகப் படங்கள் அனுப்பியதில்லையாம். மே மாதம் இரண்டு லாரிகளில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்துத் தகரங்கள் வந்து வளாகத்தில் இறங்கின. மரக்கன்று வரவில்லை. அது வேறு பிரிவு. தகரத்தோடு ஒரு கடிதமும் வந்தது:

'மனுதாரர்களின் முகவரிகள் பலவாறாக இருப்பினும், அனைத்துப் படங்களிலும் காணப்படும் கட்டடம் ஒன்றே. படமே ஆதாரம் என்ற விதிப்படி, மேற்படி கட்டடத்தின்மீது 231 மரங்கள் விழுந்திருப்பது உறுதியாகிறது. ஆகவே 2310 தகரங்களும் அக்கட்டடத்தின் உபயோகத்துக்கு மட்டும் வழங்கப்படுகின்றன.'

அந்தக் கட்டடம் எங்கள் சைக்கிள் ஷெட். ஆறு சைக்கிள் நிற்கும்.

சபாபதி கடிதத்தை மூன்று முறை படித்தார். எடுத்துக் கொடுத்தால் முறைகேடு, ஜூன் மாதம் பென்ஷன் போகும். கொடுக்காவிட்டால் இருசம்மாள். ஆடி மாதக் காற்றுக்கு இன்னும் ரெண்டு மாதம்கூட இல்லை. அவளே வந்து நின்றாள். தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஆள் உயரத்துக்குமேல் அடுக்கு அடுக்காக மின்னியது. சபாபதி கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ராத்திரில இங்க யாரு காவலு?"

"நான்தான்."

"நீங்கதான் இப்ப பகல்ல இருக்கீங்களே?"

"ஆமா."

"அப்ப ராத்திரில?"

"ராத்திரியும் நான்தாம்மா. ரெஜிஸ்டர்ல."

தகர அடுக்கை இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலையிலிருந்து அடுக்கு குறைய ஆரம்பித்தது. பத்துப் பத்தாகக் குறைந்தது. ஒருநாள் முப்பது, ஒருநாள் தொண்ணூறு. ஒருநாளும் பதினொன்றோ ஒன்பதோ இல்லை. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு விநியோகம் நடந்து நான் பார்த்ததில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் சபாபதிக்குச் சந்தேகம் வந்தது.

"தகரம் கம்மியாத் தெரியுதே, சுப்பராயலு?"

சுப்பராயலு பைலைத் திறந்தார். "பக்கம் அறுபத்திரெண்டு சார். ரெண்டாயிரத்து முன்னூத்திப் பத்து. லாரி ரசீது. கோத்திருக்கேன், பாருங்க."

சபாபதி ரசீதைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மறுபடி ரசீதைப் பார்த்தார். 'சரிபார்க்கப்பட்டது. இருப்பு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பார்த்ததில் அவர் பயப்படாமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

ஜூன் முப்பதாம் தேதி அவருக்கு மாலை போட்டு அனுப்பினோம். இருசம்மாள் ஒரு தூக்கில் இட்லி கொடுத்தனுப்பியிருந்தாள். புதுத் தகரத்தில் மழை விழுந்தால் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு எனக்கு என் பத்து ஞாபகம் வந்தது. இருநூற்று முப்பத்தொன்றாவது படம் என்னுடையதுதானே. வளாகத்தில் போய்ப் பார்த்தேன். தகரம் இருந்த இடத்தில் புல் முளைக்காத சதுரம் ஒன்று மட்டும் இருந்தது. ஒரு தகரம்கூட இல்லை. காவல் இல்லாத நேரமாகப் பார்த்து யாரோ என்னுடையதையும் எடுத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு அரசு அலுவலகத்தில் இரவில் காவலர் இல்லை என்றால் என்ன அர்த்தம்?

போனில் பாட்டாவது கேட்கலாம் என்று, கொளஞ்சியப்பன் திருப்பிக் கொடுத்திருந்த எட்டு ஜிபி கார்டைப் போட்டேன். நானூறு பாட்டும் பெயர் பெயராக வரிசையில் நின்றன. எதைத் தொட்டாலும் ஓடவில்லை. படங்களை எழுதிக்கொள்ளப் பாட்டுகளை அழித்திருந்தது. உத்திராபதி என்ன சொன்னானோ அதை அப்படியே செய்தது. இந்த விவகாரம் முழுவதிலும் சொன்னது சொன்னபடி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஒரு மனு எழுதினேன். இரவுக் காவலர் இல்லாததால் இரவுக் காவலருக்குச் சேர வேண்டிய பத்துத் தகரம் திருடு போனது பற்றி. சுப்பராயலு வாங்கி ஒரு தடவை படித்தார்.

"போட்டோ இருக்குதா?" என்றார்.

"திருடு போனதுக்கு எப்படிண்ணே போட்டோ?"

"சரி, குடு. கோத்து வைக்கிறேன். எங்கயும் போவாது."

கட்டையை இழுத்து வைத்தார். நான் மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தூங்குமூஞ்சி மரம் அப்படியேதான் கிடந்தது. அதற்கு இன்னும் மனு வரவில்லை. காற்றில் அதன் காய்ந்த சுள்ளியும் சருகும் வளாகம் முழுக்க உதிர்ந்திருந்தன. உள்ளே டொக் என்று கேட்டது. நான் மரத்தைச் சுற்றிக் கூட்ட ஆரம்பித்தேன்.